அம்மப்பா தனக்கே கொளுத்திய மெழுகுதிரி

மூன்று வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம் இது. போன நவம்பர் 2, இறந்தோர் நினைவு நாளன்று, மன்னார்த் தீவின் ஓலைத்தொடுவாய்க்குத் தனியாகப் போய்வந்தேன். அங்குள்ள சேமக்காலையில், அதாவது கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில், இரண்டாம் உலகப் போருக்குக் கடல் கடந்து போய் இறந்த ஊர்ச் சிப்பாய்களுக்கு ஒரு நினைவுக்கல் நிற்கிறது.

அதில் என் அம்மப்பாவின் பெயரும் உண்டு. அவர் எகிப்தில் இறந்துவிட்டதாகத் தந்தி வந்ததால் பூசை வைத்து, பெயரையும் கல்லில் பொறித்துவிட்டார்கள். சில மாதத்தில் மனிதர் பெட்டியோடு வந்து இறங்கினார்! மந்திரித்த, அதாவது ஆசீர்வதித்த, கல்லைச் சுரண்டக்கூடாது என்று பங்குச் சுவாமியார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வருடா வருடம் அம்மப்பா தன் பெயருக்குத் தானே மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு உள்நாட்டுச் சண்டையில் எங்களோடு வள்ளமேறி, தமிழ்நாட்டு அகதி முகாமில் உண்மையாகவே இறந்தார். அங்கே புதைத்த இடம் இப்போது அடையாளம் தெரியவில்லை. படுக்கையில் கிடக்கும் அம்மாவுக்கு இந்தக் கல்தான் மிச்சம். "ஒருக்காவது கொளுத்திப்போட்டு வா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

திருச்சியிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு விமானம். மறுநாள் காலை 5.40க்கு மன்னார் பேருந்து. கட்டணம் 480 ரூபாய், மூன்று மணித்தியாலம். பூசை மாலை நான்கு மணிக்குத்தான். அதுவரை விடுதி அறையில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பேச ஓர் ஆள் இல்லை. 3.15க்கு ஓட்டோ பிடித்தேன். காத்திருந்து திரும்ப 2,000 ரூபாய்.

"சேமக்காலைக்கோ? உங்கட ஆக்கள் அங்க இருக்கினமோ?" என்றார் ஓட்டோக்காரர்.

"ஒருத்தரும் இல்லை" என்றேன்.

பூசை முடிந்து ஒவ்வொரு குடும்பமும் தன் கல்லறையைச் சுற்றி நின்றது. நான் மட்டும் யாரோடும் சேராமல் நினைவுக்கல்லைத் தேடிப் போனேன். அம்மப்பாவின் பெயருக்குக் கீழே பழைய மெழுகு கட்டிதட்டிக் கிடந்தது. ஒரு பெண் அங்கே குந்தியிருந்து தீப்பெட்டியை உரசிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் ஆரின்ர ஆக்கள்?" என்று கேட்டார்.

"இவருடைய பேத்தி" என்று அம்மப்பாவின் பெயரைக் காட்டினேன்.

அவர் சட்டென்று எழும்பிவிட்டார். "வள்ளம் ஏறேக்க என்ர அப்பாவிட்டச் சொல்லிப்போட்டுப் போனவராம், நான் வாறமட்டும் நீ கொளுத்து எண்டு. அப்பாக்குப் பிறகு நான் கொளுத்திறன். இந்தாங்கோ, நீங்களே கொளுத்துங்கோ."

காற்றில் மூன்று குச்சி வீணாகி, நாலாவதில் பற்றியது. எனக்கு அழுகை வந்தது.

"வாற வருசமும் வருவியளோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியாது அக்கா."

"பரவாயில்லை, நான் இருக்கிறன்தானே" என்று தீப்பெட்டியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: அன்றைக்கு மன்னாரில் அறை கிடைப்பது கஷ்டம், முன்பே சொல்லிவையுங்கள். குடை அவசியம். மெழுகுதிரி ஒன்று கூடுதலாகக் கொண்டுபோங்கள். கல்லில் கீழிருந்து மூன்றாவது பெயர். அந்த அக்கா உங்களிடம், நீங்கள் யாருடைய ஆட்கள் என்று கேட்டால், இவருடைய ஆட்கள்தான் என்று சொல்லுங்கள்.