பதினெட்டு மணி நேரம்

ஸ்கூபா டைவிங் தேர்வில் என் கணவருக்கும் எனக்கும் ஒரே மதிப்பெண், நூற்றுக்கு நூறு. கடைசியாகக் கடலுக்குள் இறங்கிய பிறகு எத்தனை மணி நேரம் விமானம் ஏறக்கூடாது என்ற கேள்விக்கு, பதினெட்டு என்று இருவருமே சரியாக எழுதியிருந்தோம்.

நாலே நாள் பயிற்சி. பயிற்சியாளர் பொறுமைசாலி. முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் என்ன செய்வது, காற்று தீர்ந்தால் கூட வருபவரிடம் எப்படி வாங்குவது, எல்லாம் சொல்லிக்கொடுத்தார். சான்றிதழ் அட்டைக்கு விலாசம் எழுதும்போது, "கொடைக்கானலா? அப்ப உங்களுக்குக் கடல்தண்ணி வெந்நீராத்தான் இருந்திருக்கும்" என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

நாலாம் நாள் காலையில் கடைசி முறையாக இறங்கி எழுந்தோம். மறுநாள் மகளுக்குப் பள்ளி ஆண்டு விழா. பொழுது சாயுமுன் வீடு சேர வேண்டும் என்று என் கணவர் உடனே காரை எடுத்தார். வத்தலக்குண்டில் காபி குடித்தோம். மலைச்சாலையில் பாதி தூரம் ஏறியதும் தோள் வலிக்கிறது என்றார்.

"சிலிண்டரத் தூக்குனா வலிக்காம என்ன செய்யும்? இன்னும் இருபது வயசுன்னு நெனப்பா?" என்று கேலி பேசினேன்.

பெருமாள்மலைக்குச் சற்று முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்தினார். "இடது காலு மரத்துப் போயி கெடக்கு. கிளட்ச மிதிக்கிறனா இல்லையான்னே தெரியல."

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. இடம் மாறி உட்கார்ந்து, மீதி மலையை நானே ஓட்டி ஏறினேன். ஆஸ்பத்திரி மேலேதானே இருக்கிறது என்று வேகமாகவே ஓட்டினேன். இதை எழுதவே கை கூசுகிறது.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளம் பெண் மருத்துவர். "காலையில எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். கடலுக்கடியில் என்றேன். எழுதுவதை நிறுத்திவிட்டார்.

"தண்ணிக்குள்ள ஒடம்புல கரைஞ்ச காத்து இன்னும் முழுசா வெளியேறல. உசரம் ஏற ஏற அது குமிழாயிருக்கு. விமானமோ மலையோ, அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். உடனே இவரக் கீழ எறக்கணும்."

அவருக்கு ஆக்சிஜன் மாட்டி, ஏறி வந்த அத்தனை வளைவுகளிலும் ஆம்புலன்ஸில் இறங்கினோம். அந்தக் குமிழ்களைக் கரைக்க அழுத்த அறை வைத்துச் சிகிச்சை தரும் இடம் வெகுதூரம். போய்ச் சேர மறுநாள் ஆயிற்று. உயிருக்கு ஆபத்தில்லை. தோள்வலி போய்விட்டது. காலில் உணர்வு மட்டும் முழுதாகத் திரும்பவில்லை.

பயிற்சியாளருக்குத் தொலைபேசினேன். கோபம் தலைக்கேறியிருந்தது.

"விமானத்துல போகக் கூடாதுன்னு தெளிவாச் சொன்னோமே மேடம்."

"நாங்க வீட்டுக்குத்தான சார் போனோம்."



பிறகு பாடப்புத்தகத்தைப் புரட்டினேன். உயரமான இடங்களுக்கும் இதே கட்டுப்பாடு என்று ஒரு வரி அதில் இருக்கத்தான் செய்கிறது. நான் மஞ்சள் கோடு போட்டிருந்தது விமானம் வரும் வரிக்கு மட்டும். யாரைத் திட்டுவது? எங்கள் விலாசத்தைத் தன் கையாலேயே எழுதியவர் அவர். அந்த விலாசத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான்.

இப்போது என் கணவர் தினமும் காலையில் வெந்நீரை விளாவி, நான் கைவிட்டுப் பார்த்துச் சொன்ன பிறகுதான் இடது காலில் ஊற்றிக்கொள்கிறார். சூடு அந்தக் காலுக்குத் தெரியாது. சான்றிதழ் அட்டை அவருடைய பர்ஸில்தான் இருக்கிறது. அதற்குக் காலாவதி கிடையாதாம்.