படத்துக்குப் பதில் அப்பா அனுப்பிய பூக்கள்

எங்கள் அப்பா பிரிந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. நோர்வூட்டுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தார். சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தார். ஸ்டோர் எனப்படும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் டிரையர் அருகிலேயே அவர் உழைப்பெல்லாம் கழிந்தது. யாரிடமும் அதிர்ந்து பேசாதவர்.

தொண்ணூறுகளில் அப்பா நோயில் படுத்தபோது, அம்மா வீட்டு வேலைக்குக் குவைத் செல்லத் துணிந்தார். தம்பி அப்போது கைக்குழந்தை. "போயிட்டு வா, புள்ளைகள நான் பாத்துக்கிறேன்" என்று அனுப்பி வைத்தவர் அப்பாதான்.

உடல் தேறி வேலைக்குத் திரும்பியதும் அம்மாவுக்குக் கடிதத்துக்குள் காய்ந்த பூக்கள் வைத்து அனுப்பத் தொடங்கினார். தம்பிக்கு மொட்டையடித்த நாளில் கோயிலில் கொடுத்த பூ, என் சடங்கு மாலையின் ரோஜா. மலை ஈரத்தில் முதலில் காயவைத்ததெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. பிறகு இதழ் இதழாகப் பிரித்து, பழைய பேப்பருக்குள் அடுக்கி, மேலே பலகையும் கல்லும் வைத்து, ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவின் அனுமதியோடு டிரையர் சூட்டுக்குச் சற்றுத் தள்ளி வைத்தார். நிறம் மாறாமல் காய்ந்தன.

"படமும் அனுப்புவோம்ப்பா" என்பேன்.

"வேணாம்மா. ஒங்க மொகத்தப் பாத்தா அவளுக்கு அங்க இருப்புக் கொள்ளாது."

ஆறு வருடம் கழித்து ஹட்டன் ஸ்டேஷனில் அம்மா இறங்கினார். எங்களோடு பக்கத்து வீட்டு அத்தையும் தம்பி வயதுள்ள அவர் மகனும் வந்திருந்தார்கள். அம்மா ஓடி வந்து அந்தப் பையனை வாரி அணைத்து, "என் சாமி, எவ்வளவு வளந்துட்ட!" என்று அழுதார்.

"அது எம் மகன் அண்ணி. ஒங்க புள்ள அந்தா நிக்கிறான்" என்றார் அத்தை. தம்பி அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தான்.

அப்பாவின் முகம் அன்று கறுத்தது கறுத்ததுதான். அதன்பின் அவர் ஒரு பூவைக்கூடக் காயவைக்கவில்லை. தம்பி அம்மாவின் மடியில் தானாகப் போய் உட்கார நெடுநாள் ஆனது. ஒவ்வொரு தடவையும் அவன் விலகும்போது அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

கடைசி நாட்களில், மூச்சு வாங்கியபடி அம்மாவிடம் சொன்னார்: "பெத்த புள்ளைய அடையாளம் தெரியாமப் பண்ணிட்டேனே."

"படம் வந்திருந்தா பாதியில ஓடி வந்திருப்பேங்க. இவுங்க படிப்பெல்லாம் நின்னு போயிருக்கும்" என்றார் அம்மா.

அப்பா தலையை ஆட்டி மறுத்தார். அந்தக் குறையோடுதான் கண்மூடினார்.

நோயில் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், மழையில் பாடை சுமந்த தோட்டத்துச் சகோதரர்களுக்கும், எங்களைத் தன் பிள்ளைகளாய் வளர்த்த அத்தைக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். இதை எழுதும்போது அருகில் இருந்த அம்மா, உங்கள் எல்லோருக்கும் சொல்லச் சொன்னார்: "அவரு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லன்னு எழுது. இன்னைக்கு நெனவு நாளுக்கு வந்தவுங்க யாரும் சாப்பிடாமப் போகக்கூடாதுன்னும் எழுது."