சமையல்கட்டுக்கு மட்டும் சம்மதம்

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் ஆவி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அறுவைக் கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் அறை அவள் பொறுப்பில் இருந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் யாரையாவது, "கீழ்த்தளத்துல கடைசி ரூம்ல ஒரு ஆவி இருக்கும், போய்க் கத்திரிக்கோல் செட் வாங்கிட்டு வா" என்று அனுப்பிவிட்டு மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து, "வாம்மா, பயப்படாத, எனக்குக் கால் இருக்கு" என்று குரல் வரும்.

இருபத்தாறு வருஷ வேலை. கத்தி, கவ்வி, ஊசி என்று ஒவ்வொன்றையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பச்சைத் துணியில் சுற்றி, நாடா ஒட்டி, இயந்திரத்துக்குள் தள்ளுவாள். சூடு சரியாகப் பிடித்து நாடாவில் கறுப்புக் கோடு விழுந்தால்தான் பொட்டலம் மேலே போகும். ஆவி அக்கா கட்டிய பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கலாம் என்று பெரிய டாக்டரே சொல்லியிருக்கிறார்.

அப்பேர்ப்பட்டவளின் வீட்டுக்குள் ஆறு வருஷமாக ஒரே ஒரு டாக்டரைத் தவிர ஒரு வெளியாள் கால் வைத்ததில்லை.

கணவர் இறந்துபோனபோது மகன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். படித்து, கட்டடங்களுக்கு வரைபடம் போடும் ஓர் அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தான். இருபத்து மூன்றாவது வயதில் ஒரு நாள் நடுமத்தியானம் வீட்டுக்கு வந்தான். பையை வைத்தான், அறைக்குள் போனான், கதவைச் சாத்தினான். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தாள். ஒரு வாரம் ஆயிற்று, ஒரு மாதம் ஆயிற்று. என்னடா என்று கேட்டால், "முடியலம்மா" என்ற ஒரே சொல். கெஞ்சிக் கூத்தாடி ஒரு டாக்டரை வீட்டுக்கு வரவழைத்தாள். அவர் சாத்திய கதவிடம் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போய்விட்டார்.

மகன் எங்கே என்று கேட்டவர்களிடம், "வெளியூர்ல வேலை" என்றாள். அந்தப் பொய் குட்டி போட்டது. வெளியூர் வெளிநாடாயிற்று. கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். "அங்கயே யாரையாவது பாத்து வெச்சிருப்பான் போல" என்று சொல்லி, கேட்டவர்களோடு சேர்ந்து சிரித்தாள். உண்மை தெரிந்தது அவள் தங்கைக்கு மட்டும்.

யாரும் வராத வீடு தன்பாட்டுக்கு நிறைந்தது. பால் பாக்கெட்டு, பழைய செய்தித்தாள், மருந்து டப்பா, பிரிக்காத அட்டைப்பெட்டி என்று ஹாலில் நடக்க ஓர் ஒற்றையடிப் பாதைதான் மிச்சம். நாளெல்லாம் தேய்த்துக் கழுவியவளுக்குச் சொந்த வாசற்படி ஏறியதும் கை தொங்கிவிடும். மகனின் அறையில் துடைப்பமே பட்டதில்லை. தண்ணீர் வைக்க உள்ளே போகும்போது, "சுவத்தப் பாக்காதம்மா" என்பான். பென்சிலால் சுவர் முழுக்க எழுதியிருந்தான். அவள் தரையைப் பார்த்தபடி போவாள், தரையைப் பார்த்தபடி வருவாள். ஆறு வருஷத்தில் அதிலே ஓர் எழுத்தைக்கூட அவள் படித்ததில்லை.

இந்த வருஷம் என்ன நல்ல காலமோ, அவன் வெளியே வர ஆரம்பித்தான். பொழுது சாயும் நேரத்தில் அவள் முட்டை பொரிக்கும்போது வந்து, கவிழ்த்த வாளிமேல் உட்காருவான். தட்டிலேயே பார்வை இருக்கும். ஒரு நாள், "உப்பு கூடிடுச்சு" என்றான். மறுநாள் முழுக்க ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. ஆறு வருஷத்துக்குப் பிறகு பிள்ளை குறை சொல்லியிருக்கிறான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கீழ்வீட்டுக்காரர் வந்து நின்றார். அவர் கூரையில் தண்ணீர் கசிகிறதாம், உடனே குழாய் ரிப்பேர்க்காரரை உள்ளே விட வேண்டுமாம். தங்கையிடம் போனில் புலம்பினாள்.

"முதல்ல வீட்ட ஒழுங்கு பண்ணுக்கா. இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. நான் ஏற்பாடு பண்றேன். நீ அவன்கிட்ட மட்டும் சொல்லு."

சொன்னாள். அவன் இரண்டு நாள் யோசித்தான்.

"வரட்டும். என் ரூமையும் பண்ணட்டும். ஆனா நான் இங்க இருக்க மாட்டேன்."

"எங்கடா போவ?"

"மொட்டை மாடிக்கு."

அவள் சட்டென்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். முகத்தைக் காட்டினால் எங்கே அவன் மனசு மாறிவிடுமோ என்று பயம்.

துப்புரவுக்காரர்கள் மூன்று பேர் வந்தார்கள். தலைவி ஒரு முப்பது வயதுப் பெண். கையுறையை மாட்டிக்கொண்டே வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூக்கைச் சுளிக்கவில்லை.

"இதவிட மோசமா எல்லாம் பாத்திருக்கோம் ஆன்ட்டி. நீங்க கவலப்படாதீங்க."

அந்த ஒரு வார்த்தைக்கே ஆவி அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு வருஷமாக அடைத்துக் கிடந்தது என்று தானாகவே சொல்லிவிட்டாள். "ரூம்ல சுவர மட்டும் நல்லாத் துடைச்சிடும்மா. யாரும் படிக்க வேண்டாம்" என்றும் சொன்னாள்.

"சரி ஆன்ட்டி. அப்புறம், ஒரு சின்ன விஷயம். முன்னாடி எப்படி இருந்துச்சு, பின்னாடி எப்படி ஆச்சுன்னு போட்டோ எடுத்து நெட்ல எங்க பக்கத்துல போடுவோம். பேரு, முகம், விலாசம் எதுவும் வராது. எடுத்துக்கவா?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். ஆனால் அந்தப் பெண் முழங்கால் போட்டு, அவள் வீட்டு அழுக்கில் கை வைத்துக்கொண்டே கேட்கிறாள். எந்த முகத்தோடு மறுப்பது?

"சமையல்கட்டு மட்டும் எடுத்துக்கம்மா. ரூம் வேண்டாம்."

"ஓகே ஆன்ட்டி."

மகன் ஒரு தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, அம்மாவின் தோளைப் பிடித்தபடி படி ஏறினான். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் நின்றான். மேலே வெயில் பட்டதும் அவன் முகம் சுருங்கியது. தண்ணீர்த் தொட்டி நிழலில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"அந்தப் பக்கம் ஒரு பெரிய மரம் இருந்துச்சே, எங்கம்மா?"

"அத வெட்டி மூணு வருஷமாச்சுடா."

"ஓ" என்றான். மரம் இருந்த பக்கத்தையே பார்த்தபடி, "நிறைய விட்டுட்டேன் போல" என்றான்.

அவள் கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள். தின்றான். பிறகு அவள் கைப்பையில் தலை வைத்துத் தூங்கிப்போனான். வெயில் நகர நகர, அவன் முகத்தில் படாமல் அவளும் நகர்ந்து உட்கார்ந்தாள்.

நாலு மணிக்குக் கீழே வந்தபோது வீடு வேறு வீடாக இருந்தது. மகன் தன் அறை நடுவில் நின்று, வெள்ளைச் சுவரைக் கையால் தடவினான். "பரவால்ல. வெளிச்சமா இருக்கு" என்றான். அன்று சாயங்காலம் இன்னொரு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் டீ நேரம். வார்டு நர்ஸ் ஒருத்தி, ஆவி அக்காவிடம் ரொம்ப ஒட்டுதலாக இருப்பவள், போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, நீங்க சுத்தத்துக்குப் பேர் போனவங்க. இதப் பாருங்க, இப்படியும் மனுஷங்க இருப்பாங்களா?"

ஆறு வருடம் திறக்காத அறை, உள்ளே என்ன இருந்தது பாருங்கள் என்று மேலே கொட்டை எழுத்து. பின்னணியில் திகில் படத்துக்குப் போடுவது போல் ஓர் இசை. ஜன்னலை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. கட்டிலைத் தெரிந்தது. மெத்தையில் மகன் படுத்துப் படுத்து விழுந்த பள்ளம் தெரிந்தது. பிறகு கேமரா சுவரோடு சுவராக நகர்ந்தது. கண்ணை எடுப்பதற்குள் ஒரு வரி உள்ளே போய்விட்டது.

அம்மா வருகிற சத்தம். தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன். இன்றைக்கும்.

"கீழ என்னெல்லாம் எழுதியிருக்காங்க தெரியுமா?" என்று நர்ஸ் படித்துக் காட்டினாள். "'சோம்பேறி'யாம். 'இவன விடுங்க, இவன் அம்மாவைச் சொல்லணும்'னு ஒருத்தர். ரெண்டு லட்சம் பேர் பாத்துட்டாங்க அக்கா." திடீரென்று குனிந்து பார்த்தாள். "ஜன்னல்ல தொங்குறது நம்ம பச்சைத் துணி மாதிரி இல்ல?"

கழித்துப்போட்ட துணியை அவள்தான் வீட்டுக்குக் கொண்டுபோய் அவனுக்குத் திரையாகத் தைத்துப் போட்டிருந்தாள்.

"எல்லா ஆஸ்பத்திரியிலயும் இதே துணிதான்" என்றாள் ஆவி அக்கா. "யார் பெத்த புள்ளையோ, பாவம்."

சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் துப்புரவுக்காரிக்குப் போன் போட்டாள்.

"சமையல்கட்டுன்னுதானம்மா சொன்னேன்!"

"முகம் இல்லையே ஆன்ட்டி, பேர் இல்லையே. யாருக்குத் தெரியப் போகுது? அந்த ரூம்தான் எடுபட்டுச்சு. எங்களுக்கு எத்தன வீட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க தெரியுமா!"

"எடுத்துடு. உன் கால்ல விழறேன், எடுத்துடு."

"சரி ஆன்ட்டி, எடுத்துடறேன்" என்றாள் அந்தப் பெண். இதற்குள் வேறு யார் யாரோ அதை எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். ஆறு வருஷமாக அவனுக்கு உலகம் என்று இருந்ததே அந்தக் கைபேசிதான். அவன் பார்க்காமல் இருப்பானா?

மகன் சமையல்கட்டில் அதே வாளிமேல் உட்கார்ந்திருந்தான். போன் மடியில் கிடந்தது. அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"நீ சரின்னு சொன்னியாம்மா?"

"சமையல்கட்டு மட்டும்னுதான்டா சொன்னேன், சத்தியமா…"

"அப்போ சரின்னு சொல்லியிருக்க."

"கண்ணா, நான் அத எழுத்துக்கூட்டிக்கூடப் படிச்சதில்லடா. நீ பாக்காதன்னு சொன்ன, நான் பாக்கல. ஒரு நாள்கூடப் பாக்கல."

"தெரியும்" என்றான். "நீ ஒருத்திதான் படிக்கல."

எழுந்து அறைக்குள் போனான். கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் மட்டும் கேட்டது.

மறுநாள் பொழுது சாய்ந்தபோது முட்டை பொரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. கதவருகே தட்டை வைத்துவிட்டு அவள் நகர்ந்த பிறகுதான் தாழ்ப்பாள் திறக்கும். சில நாள் வைத்தது வைத்தபடி ஈ மொய்க்கும். கசிந்த குழாயைப் பார்க்க ரிப்பேர்க்காரர் வந்தபோது, "இன்னொரு நாள் வாங்கப்பா" என்று வாசலோடு அனுப்பிவிட்டாள். கீழ்வீட்டுக்காரர் இப்போது அவளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

இரண்டு வாரம் கழித்துத் துப்புரவுக்காரி தானே வந்தாள். பாதி திறந்த கதவுக்கு வெளியே நின்று அழுதாள்.

"படம் போடலேன்னா எங்கள யாரும் கூப்பிட மாட்டாங்க ஆன்ட்டி. ஒரு அம்மா, ஒரு புள்ள இருக்கற வீடுன்னு அந்த நேரத்துல தோணல. வெறும் ரூமாத்தான் தெரிஞ்சுது. என்னத் திட்டிடுங்க."

ஆவி அக்கா, "நீ நல்லாத்தான்மா துடைச்ச. போயிட்டு வா" என்று சொல்லிக் கதவை மூடினாள்.

அந்த நர்ஸிடம் ஒரு நாள் உண்மையைச் சொல்லிவிட்டாள். அவள் பொட்டலங்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அக்கா, அத நானா உங்ககிட்ட காட்டினேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மனநல மருத்துவர் ஒருவரின் நம்பரை வாங்கி வந்து கொடுத்தாள். ஆவி அக்கா அதைத் தாளில் பெரிதாக எழுதி, மகனின் கதவுக்கு அடியில் தள்ளினாள். சற்று நேரத்தில் அது மடித்தபடி திரும்பி வந்தது.

ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கையில் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டாள். காரணம் கேட்டவர்களிடம் மூட்டுவலி என்றாள். உண்மையில், அவனைத் தனியாக விட்டுப் போகப் பயம். என்ன பயம் என்று தங்கை கேட்டபோது, அதை வாயால் சொல்ல அவளால் முடியவில்லை. தங்கையும் திரும்பக் கேட்கவில்லை.

இப்போது நாளெல்லாம் அவன் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். முதலில் எதையாவது பேசிக்கொண்டிருந்தாள், மழை வருகிறது, துணி காயவில்லை, சித்தி விசாரித்தாள் என்று. பிறகு தன் பேச்சு அவனுக்குத் தொந்தரவோ என்று நிறுத்திக்கொண்டாள். தான் அங்கேதான் இருக்கிறோம் என்று தெரிய அவ்வப்போது லேசாக இருமுவாள். இருமிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பாள். கட்டில் ஒரு முறை கிரீச்சென்றால் போதும், அடுத்த ஒரு மணி நேரத்தை ஓட்டிவிடுவாள். இன்று காலையில் ஒரு முறை கேட்டது. அதற்குப் பிறகு பொழுது சாயும்வரை ஒன்றுமில்லை. எட்டு முறை இருமினாள்.