அட்டைப் பெட்டியில் ஒரு வாஷிங் மெஷின்

வாஷிங் மெஷின் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டவர்கள் பல வருஷமாக முதலில் கேட்டது அவள் குரலைத்தான். காதில் ஹெட்போன், எதிரே கண்ணாடித் தடுப்பு, பக்கத்தில் எப்போதும் ஆறிப்போன காபி. வருகிற அழைப்புகளில் பாதிக்கு மேல் மெஷினில் பழுதே இருக்காது. எந்தப் பொத்தானை அமுக்குவது என்று தெரியாமல் கூப்பிடுவார்கள். அதையும் நேராகக் கேட்க மாட்டார்கள். தனக்கு இதெல்லாம் மண்டையில் ஏறாது என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். மெஷினைத் திட்டி ஆரம்பித்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அது அவளுக்கு முள்ளாகக் குத்தியது. மெஷினை இப்படி வடிவமைத்தவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று மேலாளரிடம் ஒருமுறை சொல்லியும் பார்த்தாள். அவர்கள் வேறு கட்டிடத்தில் இருக்கிறார்கள், நீ பதில் சொல்கிற வேலையைப் பார் என்று அவர் முடித்துவிட்டார். கொஞ்ச நாளில் அந்தப் பதில் சொல்கிற வேலையும் போயிற்று. அவள் நாற்காலியில் பதிவு செய்த குரல் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

வீட்டில் இருந்த முதல் வாரம் அவள் கணவன், பஸ் டிப்போவில் மெக்கானிக், இன்னொரு உதவி எண்ணில் ஆள் எடுப்பதாகச் செய்தி கொண்டுவந்தான். அவள் கேட்கவில்லை. திரைகளையும் பொத்தான்களையும் வடிவமைக்கச் சொல்லித்தரும் படிப்பு ஒன்று கல்லூரியில் இருக்கிறது, அதில்தான் சேருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இந்த வயதிலா என்று கேட்க அவன் வாயெடுத்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேள்வியை விழுங்கிவிட்டு, காலைச் சமையல் என்னுடையது என்று சொன்னான். அன்றிலிருந்து அந்த வீட்டில் காலையில் முட்டையைத் தவிர வேறெதுவும் வேகவில்லை என்பது வேறு விஷயம்.

வகுப்பில் மற்ற எல்லாரும் அவள் வயதில் பாதி. முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் காத்திருந்தது கடைசி வருஷத்துக்காக. அப்போதுதான் சொந்தமாக ஒரு பிராஜெக்ட் செய்யலாம். ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அதன் திரையும் பொத்தான்களும் எப்படி இருக்க வேண்டும் என்று யோசித்து, மாதிரி செய்து, ஆட்களை விட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும். வேலையைத் தொடங்கும் முன் திட்டத்தைப் பேராசிரியையிடம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். என்ன பொருள் என்று அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

இரண்டு இரண்டு பேராகச் சீட்டுக் குலுக்கினார்கள். அவளுக்கு விழுந்தவன் பெயரை யாரும் சொல்வதில்லை. வகுப்பே அவனைக் கலர் என்றுதான் கூப்பிடும். ஒரு நீலத்துக்கும் பக்கத்து நீலத்துக்கும் நடுவே அரைநாள் தவிப்பான். கலருக்கு மேகம் மிதக்கிற, விமானம் பறக்கிற ஒரு பயணச் செயலி செய்ய ஆசை. வாஷிங் மெஷின் என்றதும் அவன் முகம் ஈரத்துணி மாதிரி தொங்கிப்போயிற்று.

அவள் வாதாடவில்லை. அவன் தங்கியிருந்த விடுதியின் துணி துவைக்கும் அறைக்கு அவனையே கூட்டிக்கொண்டு போனாள். மெஷினில் யாரோ ஒட்டிய காகிதம் ஒன்று இருந்தது: மூன்றாவது பொத்தானைத் தயவுசெய்து தொடாதீர்கள். மூன்றாவது பொத்தான் என்ன செய்யும் என்று அவனைக் கேட்டாள். இங்கே இத்தனை நாளாக இருக்கிறோம், யாருக்கும் தெரியாது, யாரும் தொட்டதில்லை என்றான். சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அந்தச் சிரிப்பிலேயே பிராஜெக்ட் முடிவாகிவிட்டது.

திட்டம் அவள் தலையில் ஏற்கெனவே முழுசாக இருந்தது. ஒரே பொத்தான். துணியைப் போடு, அமுக்கு, மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும். இத்தனை வருஷம் 'எதை அமுக்கறது' என்ற கேள்வியைக் காதில் வாங்கியவளுக்கு இதைவிட நல்ல பதில் வேறென்ன இருக்க முடியும்? தலைகால் புரியாத சந்தோஷத்தில் சாப்பாட்டு மேஜை முழுக்கத் தாளை விரித்து வரைந்தாள். கலர் அதற்கு அழகான படங்கள் செய்தான். பொத்தானுக்கு மட்டும் பதினாறு பச்சை.

கணினியில் கை வைக்கும் முன் காகிதத்தில் மாதிரி செய்து பார்க்க வேண்டும் என்பது பேராசிரியையின் கட்டளை. அனுமதி கேட்கும் நாளுக்கு முந்தின மத்தியானம், ஃபிரிட்ஜ் வந்த அட்டைப் பெட்டி ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி வந்து, ரொட்டிக் கத்தியால் வட்டமாகக் கதவு வெட்டினாள். பாட்டில் மூடி பொத்தான் ஆயிற்று. திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கீறல். அதில் தாள்களைச் செருகி மாற்றலாம். கலர் பெட்டிக்குள் உட்கார்ந்தான். மெஷினின் மூளை அவன்தான். யாராவது மூடியை அமுக்கினால் உள்ளிருந்து தாளை மாற்றி, வாயாலேயே தண்ணீர் விழும் சத்தமும் சுழலும் சத்தமும் போட வேண்டும். இதற்காகவா கல்லூரியில் சேர்ந்தேன் என்று முனகினான். ஆனால் சத்தம் பிரமாதமாக வந்தது.

முதல் ஆள் கணவன். துணியைப் போட்டு அமுக்கினான். 'துவைக்கிறேன்' என்று தாள் வந்தது, உள்ளே கலர் சுழன்றான். உடனே இவன் பேன்ட் பையைத் தொட்டுப் பார்த்து, சாவி துணியோடு போய்விட்டது, எப்படி நிறுத்துவது என்று தேட ஆரம்பித்தான். நிறுத்த வழியே இல்லை. திரும்பத் திரும்ப அந்த ஒரே மூடியை அமுக்கியதில் உள்ளே கலருக்கு மூச்சு வாங்கியது.

அடுத்து மாடி வீட்டுப் பாட்டு வாத்தியார் வந்தார். கம்பளிச் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சுடுதண்ணீரா பச்சைத் தண்ணீரா என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார். பெட்டி பதில் சொல்லவில்லை. சட்டையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடைசியாக நாத்தனார், ஆஸ்பத்திரியில் நர்ஸ். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவள். அவள் விரல் மூடிக்கு மேலே வந்து அப்படியே நின்றது.

"என்ன அண்ணி, அமுக்குனா என்ன ஆகும்னு எங்கயும் போடலயே?"

"ஒரு பொத்தான்தானே இருக்கு. அமுக்கிப் பாரேன்."

"ஒண்ணே ஒண்ணு இருக்கறதாலதான் பயமா இருக்கு. தப்பாப் போனா திரும்பி வர வழி இல்லையே. இப்படி ஒரு மெஷினை எங்க வார்டுல வெச்சா நான் கிட்டகூடப் போகமாட்டேன்."

அண்ணிக்கு முகம் சுருங்கியது. அவள் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் கேட்ட குரல்கள் ஒவ்வொன்றாகக் காதுக்குள் வந்தன. எதை அமுக்கறது என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். அதற்கு முன்னே ஒரு சின்னத் தயக்கம், தொண்டையைக் கனைக்கும் சத்தம் இருக்குமே, அதை அவள் கணக்கில் சேர்த்ததே இல்லை. பொத்தான்கள் நிறைய இருப்பதல்ல அவர்கள் கஷ்டம். துணி கெட்டுவிடுமோ, மெஷின் கெட்டுவிடுமோ, கெட்டால் பழி தன் தலையில் விழுமோ என்ற பயம். இவள் பயத்தை விட்டுவிட்டுப் பொத்தானை எண்ணியிருக்கிறாள்.

இது உறைத்ததும் அவளுக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். வந்தது வேறு. காலில் சுடுதண்ணீர் கொட்டிக்கொண்டவள் மாதிரி எழுந்தாள். திரைத் தாளை உருவிக் கிழித்தாள். கத்தரிக்கோல் எங்கே, சிவப்புப் பேனா எங்கே என்று வீட்டையே தலைகீழாக்கினாள். அமுக்கும் முன்பே மெஷின் தான் செய்யப்போவதைச் சொல்ல வேண்டும்: தண்ணீர் எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், எந்தத் துணிக்கு ஆகாது. நிறுத்த ஒரு பெரிய பொத்தான், எப்போதும் ஒரே இடத்தில். சூட்டை மாற்ற ஒரு சின்னது. கலர் பெட்டியைப் பிளந்துகொண்டு வெளியே வந்தான்.

"அக்கா, நாளைக்குக் காலையில காட்டணும். ஒரே பொத்தான்னு எல்லாப் படமும் முடிச்சு வெச்சிருக்கேன்."

"அதையும் காட்டுவோம். இது ஏன் தோத்துச்சுன்னு சொல்லுவோம். இதைவிட நல்ல ஆரம்பம் நமக்குக் கிடைக்காது."

அவன் தன் பதினாறு பச்சையையும் ஒருமுறை பார்த்தான். பிறகு சிவப்புப் பேனாவைத் தேட அவனும் இறங்கினான்.

மறுநாள் பெட்டியைப் பஸ்ஸில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. வட்டக் கதவு வழியாக எதிர் இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். வகுப்பில் மற்றவர்கள் மின்னுகிற திரைகளைக் காட்டி முடித்ததும், இவள் பிசின் காயாத பெட்டியை நடுவே வைத்து, நேற்று நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். தான் எதை நம்பினாள், யார் எங்கே தயங்கினார்கள், சாவி எப்படிச் சிக்கியது, எல்லாம். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. கைகள் பறந்தன. உதவி எண்ணில் அடக்கி அடக்கிப் பேசியவளா இவள் என்று அவளுக்கே தோன்றியது.

பேராசிரியை லேசில் மசிகிறவர் இல்லை. எழுந்து வந்து பெட்டியின் முன் நின்றார். தாளில் இருந்ததைப் படித்தார். அமுக்கினார். உள்ளே கலர் தண்ணீர் விட்டான். நிறுத்தினார், கலர் அடங்கினான். மறுபடி அமுக்கினார். வகுப்பு சிரித்ததை அவர் கண்டுகொள்ளவில்லை.

"நேத்து வரைக்கும் உங்ககிட்ட ஒரு பதில் இருந்துச்சு," என்றார். "இப்பதான் கேள்வி கிடைச்சிருக்கு. செய்யுங்க. ஆனா வீட்டு ஆளுங்களை வெச்சுப் பார்த்தது போதும். உங்களை யாருன்னே தெரியாதவங்ககிட்ட கொண்டு போங்க."

அந்த வாரக் கடைசியிலேயே, துவைக்கும் மெஷின்கள் வரிசையாக நிற்கும் கடை ஒன்றில் சொல்லி அனுமதி வாங்கி, பெட்டியை ஓரமாக வைத்தார்கள். முதலில் மாட்டியவர் சீருடை காய்வதற்காகக் காத்திருந்த ஒரு லாரி டிரைவர். அவள் ஒன்றும் விளக்கவில்லை. விளக்கக் கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் குனிந்து படித்தார், ஓகோ என்றார், அமுக்கினார். சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு நிறுத்தினார். நின்றதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. திரும்ப ஓட்டினார், சூட்டைக் குறைத்தார், நிறுத்தினார், பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டு, இங்க வாங்க, இதை அமுக்கிப் பாருங்க என்றார். அந்த அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். குறிப்பு எடுக்க வேண்டியவள் பேனாவை மூடியபடியே பார்த்துக்கொண்டு நின்றாள், பெட்டிக்குள்ளிருந்து கலர், கொஞ்சம் தண்ணி கொடுங்க அக்கா, நிஜத் தண்ணி, என்று கெஞ்சும் வரை.