தை பிறக்கட்டும் என்று காத்திருந்த கை

யாராவது தைலம் தேய்த்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் போதும். அந்த எண்ணெய் வாசனை என்னைக் காவிரிப் பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்திவிடும். மடியில் தூக்குச்சட்டி, ஜன்னலில் பனி, பனிக்குள் பாதி கோபுரம். அக்கரையில், ஸ்ரீரங்கத்து வீட்டில், என் அண்ணா வலது கை விழுந்து, அதே தைல வாசனைக்குள் படுத்திருக்கிறார்.

கார்த்திகைக் கடைசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது, "வீட்டுக்குப் போனதும் பயிற்சியை ஆரம்பிச்சிடுங்க, தள்ளிப்போடாதீங்க" என்றார் டாக்டர். வீடு வந்து சேர்ந்தால் மார்கழி. மார்கழியில் எங்கள் வீட்டில் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. மன்னி என் முகத்தைப் பார்த்தாள். "தை பிறக்கட்டும் மன்னி. உடம்பும் கொஞ்சம் தேறட்டுமே" என்று சொன்னவள் நான்தான். இக்கரையில், கைலாசபுரம் ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு நாலு புத்தகம் படித்தவள்.

அந்த மாதம் சந்தோஷமாக இருந்தேன். சொல்லவே கூசுகிறது, ஆனால் இருந்தேன். விடியலில் பஸ் பிடித்து வருவேன். வெண்பொங்கலை ஆற்றி ஆற்றி அண்ணாவுக்கு ஊட்டுவேன். மிளகை ஒதுக்கித் தருவேன். நெற்றியில் திருமண் இட்டுவிடுவேன். கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி முகத்தைக் காட்டுவார். தெருவில் பஜனை கோஷ்டி பாடிப் போகும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இத்தனை வருஷமாக இல்லாத ஒரு நெருக்கம். வலது கை போர்வைக்கு அடியில் யாரும் கேட்காமல் கிடந்தது.

பொங்கல் முடிந்து பயிற்சி கொடுக்கிற அம்மா ஸ்கூட்டரில் வந்தார். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார்.

"இதுக்கு இத்தனை நாளா யாரு வேலை கொடுத்தீங்க?"

நான் போர்வையை மடிக்க ஆரம்பித்தேன்.

"முதல் மூணு மாசம் மூளை ரொம்ப ஆர்வமா கத்துக்கும்ங்க. அப்புறமும் கத்துக்கும், ஆனா மெதுவா. வேலை இல்லாத கையை அது மெல்ல மறந்திடும்."

"போன மாசத்தை எப்படியாவது பிடிச்சிட முடியாதா?" என்றேன்.

"அது போயிடுச்சுங்க. மிச்சத்தைக் கெடுக்காம இருங்க. இனிமே யாரும் ஊட்டக் கூடாது."

ஊட்டவில்லை. சாதம் மடியெல்லாம் இறைந்தது. எடுக்கத் துடித்த என் கையை முந்தானையில் சுற்றி வைத்துக்கொண்டேன். திருமண்ணும் அவரேதான் இட்டுக்கொண்டார், வலது கையால், இடது கையை அதற்கு முட்டுக் கொடுத்து. ஒரு கோடு புருவத்தில் இறங்கியது, ஒன்று காது பக்கம் போயிற்று.

மன்னி சிரிப்பை அடக்க முடியாமல், "இது வடகலையா தென்கலையா?" என்றாள்.

"ரெண்டும் இல்லைடி, புதுக் கலை. இன்னிக்குத்தான் ஸ்தாபிச்சேன்." பேச்சு கொழகொழவென்றுதான் வந்தது. ஆனால் அது அண்ணாவின் பேச்சு.

தினமும் இதே. கிண்ணத்தில் ஊறின கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாக எடுத்து வேறு கிண்ணத்தில் போடுவார். மாசியில் டம்ளர் பிடித்தார். பங்குனியில் கோடு ஓரளவு நேரானது. பேனா மட்டும் பிடிபடவில்லை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இன்றைக்கும் சுருண்டேதான் இருக்கின்றன. முன்னாடியே ஆரம்பித்திருந்தால் அவையும் நிமிர்ந்திருக்குமோ? அந்த அம்மாவிடம் கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். அந்தப் பதில்தான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

சித்திரையில் என் தினசரி வரவை நிறுத்திக்கொண்டேன். கடைசி நாள் அண்ணா வாசல் வரை வந்தார், சட்டைப் பொத்தான் திறந்திருக்க. மார்கழியைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கை தானாகப் பொத்தானுக்குப் போயிற்று.

தட்டிவிட்டார், வலது கையால்.

"விடுடி. நானே போட்டுக்கறேன். எனக்கு நாழியாகும், நீ பஸ்ஸைப் பிடி."