இடுப்பில் இருந்த கார்க் திருகி

போன வாரம் பபேடான் கடைத்தெரு நடைபாதையில் ஒருவர் மடக்குக்கத்தி விற்றுக்கொண்டிருந்தார். கத்தி, கத்தரி, நகம் தேய்க்கும் அரம் என்று ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினார். கடைசியில் சுருள் சுருளாக ஒரு கம்பி வெளியே வந்தது. "இது எதுக்கு?" என்று பக்கத்தில் நின்றவர் பர்மிய மொழியில் கேட்டார். விற்கிறவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அழகுக்கு" என்றார்.

எனக்குப் பதில் தெரியும். ஆனால் தெரியாத மனிதர்கள் நடுவே வாயைத் திறக்கிற ஆள் நான் இல்லை. பேருந்து நிறுத்தம் வரை நடந்துபோய், அங்கே நின்று மனதுக்குள் அவருக்கு விரிவாகப் பதில் சொன்னேன். என் நல்ல பேச்சுகளெல்லாம் பேருந்து நிறுத்தங்களில்தான் நடந்திருக்கின்றன.

அது கார்க் திருகி. லான்மடாவில் டாவ் சேன் என்ற பர்மிய அம்மாள் பழைய பாட்டில் கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்கு முன்பு அங்கேதான் எனக்கு வேலை. தேன், மீன் சாறு, விளக்கெண்ணெய், இருமல் மருந்து எல்லாம் கலந்த வாசனை சட்டையில் ஏறிவிடும். அதனாலேயே பேருந்தில் என் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாக இருக்கும். பாட்டில் கழுத்தில் தக்கை உடைந்து நின்றால், "அந்தப் பன்னிக்குடலக் கொண்டாப்பா" என்பார் டாவ் சேன். பர்மிய மொழியில் திருகாணிக்கே 'பன்றிக்குடல்' என்றுதான் பெயர். உருவத்தைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். விரதக்காரியான என் அக்கா இதைக் கேள்விப்பட்டதிலிருந்து அந்தச் சாமானைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் வைக்க விடமாட்டாள். அத்தானுக்கோ கார்க் திருகி என்றால் எங்கள் பின்சந்தில் சுற்றிச் சுற்றி ஏறும் இரும்புப் படிக்கட்டு. "முன்னால பூட்டியிருக்குடா, கார்க் திருகில ஏறி வா" என்று மேலிருந்து கத்துவார்.

தக்கை எடுப்பதோடு அதன் வேலை முடியாது. தேங்காய்க் கண்ணைத் துளைக்கும், சணல் முடிச்சை அவிழ்க்கும், அடைத்த தொட்டியிலிருந்து குப்பையை இழுக்கும். இந்த ஊரில் ஆண்கள் லுங்கியின் பின்னிடுப்பில் பணப்பையைச் செருகுவார்கள். பணம் அவ்வளவாக இல்லாத நான் கார்க் திருகியைச் செருகிக்கொள்வேன்.

அந்தப் பழக்கம்தான் என்னைப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாட்டிவிட்டது.

பெண் சாந்தா. கோயில் திருவிழாவில் பானகம் ஊற்றிக் கொடுத்தவள். அவள் கையால் வாங்குவதற்காகவே வயிறு முட்டக் குடித்தேன். கட்டினால் இவளைத்தான் என்று அக்காவிடம் சொல்லவே எனக்கு ஒரு மழைக்காலம் போனது. அவள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடிக்கிறவனுக்குப் பெண் கிடையாது என்று தரகரிடம் முதலிலேயே சொல்லியிருந்தார்.

கடையிலிருந்து நேரே போய், அக்கா வீட்டில் புது லுங்கி மாற்றிக்கொண்டு, அக்கா அத்தானோடு கிளம்பினேன். கை தானாகவே அந்தச் சாமானை இடுப்பில் செருகியிருக்கிறது. க்யிம்யிண்டைங்கில் அவர்கள் வீட்டுக் கூடத்தில், பெரியவரின் காலைத் தொட்டுக் கும்பிடக் குனிந்தேன். பின்னாலிருந்து அது நழுவி, தரையில் 'டங்' என்று விழுந்து, உருண்டு போய் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் நின்றது.

பெரியவர் அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன தம்பி, சாராயக்கடைக்குப் போற வழில இங்க வந்தீங்களா?"

அத்தான் பதறினார். "இல்ல மாமா, அது வந்து..."

"நீங்க இருங்க. தம்பி சொல்லட்டும்."

மின்சாரம் இல்லாத நேரம். விசிறிகூடச் சத்தம் போடவில்லை. சாந்தாவின் அம்மா லபெத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். தட்டில் ஊறிய தேயிலையும் வறுத்த பயறும் காத்திருந்தன. எனக்கு வேர்த்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

பிறகு ஆரம்பித்தேன். பாட்டில் கடை, தக்கை, தேங்காய்க் கண், சணல் முடிச்சு, தொட்டி, பன்றிக்குடல் வரைக்கும் சொல்லிவிட்டேன். அதுவரை என் வாழ்நாளிலேயே அவ்வளவு பேசியதில்லை. அக்கா வாய்மேல் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப இதத் தெறங்க பார்ப்போம்" என்று பெரியவர், தக்கை போட்ட தைலப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

கடையில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்று கம்பி கோணலாக இறங்கி, தக்கை 'புளுக்' என்று உள்ளே விழுந்தது. தைலம் என் புது லுங்கியில் தெறித்தது. உள்ளறையில் சாந்தா சிரிக்கும் சத்தம் கேட்டது. எல்லாம் போச்சு என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "கப்பல்காரன் எத்தன பேரு குடிக்கிறதப் பாத்திருக்கேன். குடிக்கிறவன் ஒருத்தனும் தக்கைய உள்ள தள்ளமாட்டான்மா. தட்டக் குடு, தம்பி சாப்புடட்டும்."

சாந்தா இன்றைக்கும், "அன்னிக்கு நல்லாத் தெறந்திருந்தா ஒங்களுக்கு நான் இல்ல" என்பாள்.

இப்போது தக்கை போட்ட பாட்டிலே அபூர்வம். எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் மூடி. டாவ் சேன் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். மாமனாரும் இல்லை. போன மாதம் என் மகள் தனக்குப் பிடித்த பையனைக் கைப்பேசியில் வீடியோ அழைப்பில் காட்டி, பர்மிய மொழியில் "எப்படி?" என்றாள். நல்ல முகம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தமிழில் ஏதோ நல்லதாகச் சொல்ல வார்த்தை தேடினேன். அதற்குள் அவன் அந்தப் பக்கமிருந்து கும்பிட்டுவிட்டான்; அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குப் போய்விட்டாள். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால் ஒரு கூச்சக்காரன் வாயைத் திறக்கும்வரை ஒரு வீடே அசையாமல் காத்திருந்ததே, அப்படி ஒரு சாயங்காலத்தை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை.