வாழிக்கு முன்னால் நின்றுபோன பாட்டுப்பெட்டி

எங்கள் வீட்டுச் சாமி அலமாரியில், முருகன் படத்துக்குப் பின்னால், போன மாதம் வரை ஒரு சிவப்புப் பாட்டுப்பெட்டி இருந்தது. சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். விபூதித் தூள் படிந்து சிவப்பே தெரியாமல் கிடந்தது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ஏழெட்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், மூடி வைத்துவிடுவேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவனுக்கு எழுத்து எப்படி வரும் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை அது இல்லை. எழுத உட்கார்ந்தால் என் மதினியிடம் நான் சொன்ன பொய்யை எழுதியாக வேண்டும். அதனால்தான் தள்ளிக்கொண்டே வந்தேன்.

மதினி என்றால் என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் நான் தாராவிக்கு வந்து இறங்கியபோது, அண்ணனுக்கு இருந்தது கோலி என்று அங்கே சொல்கிற பத்துக்குப் பத்து அறை ஒன்றுதான். அதில் பாதியை இட்லிக் கொப்பரையே பிடித்துக்கொள்ளும். மிச்ச இடத்தில் எனக்கும் ஒரு பாய் விரித்தவர் மதினி. அண்ணன் சைக்கிளில் இட்லியைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா தெருக்களில் ஹாரன் அடித்து விற்றுவருவார். அவித்து எடுப்பதெல்லாம் மதினி. முப்பது வருஷம் மாவுத் தண்ணீரிலும் ஆவியிலும் கிடந்து அவர் விரல் நுனிகள் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டன. ரேஷன் கடை மெஷினில் விரலை வைத்தால் எடுக்காது. "இது பொம்பள வெரலா, பொம்ம வெரலான்னு மெஷினுக்குச் சந்தேகம் வந்துட்டு" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். தொடுகிற போனும் அவர் சொன்னபடி கேட்காது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. பட்டன் வைத்த பாட்டுப்பெட்டி ஒன்றை அவருக்கென்று தேடவேண்டி வந்தது இதனால்தான்.

எங்கள் சந்து முனையில் அம்மன் கோயில் உண்டு. வருஷா வருஷம் கொடைத் திருவிழா நடக்கும். ஊரிலிருந்து வில்லுப்பாட்டுக்காரர்கள் ரயிலேறி வந்து அம்மன் கதையை மூன்று மணி நேரம் பாடுவார்கள். பாடி அம்மனை அழைத்துவிட்டால், முடிவில் வாழி பாடி, ஊரையும் கேட்டவர்களையும் வாழ்த்தி, அவளை வழியனுப்பித்தான் எழுந்திருக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. மழை கொட்டிப் பந்தல் சாய்ந்த வருஷம்கூட, தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு வாழி பாடித்தான் முடித்தார்கள். "கூப்பிட்டவள வாசல்ல நிக்க வச்சிட்டு நாம உள்ள போயி படுத்துக்கிடலாமாடே?" என்று மதினி கேட்பார். ஒரு வருஷக் கொடையில் அந்தப் பாட்டை நான் என் போனில் பதிவு செய்து, அண்ணன் போனிலும் ஏற்றிக் கொடுத்தேன். மதினிக்கு அது பெரிய சொத்து. அண்ணன் வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் போனை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பார்.

பிறகு கோலியை இடித்து, ஏழாவது மாடியில் வீடு கொடுத்தார்கள். அதே சமயத்தில் மதினிக்கு நெஞ்சு படபடப்பும் மூச்சு வாங்கலும் வந்துவிட்டது. லிஃப்ட் நின்ற நாளில் கோயிலுக்கு இறங்க முடியாது. அண்ணனோ பகலெல்லாம் போனோடு வெளியே. "எனக்குன்னு ஒரு பொட்டி வாங்கித் தாயேன் தம்பி. வெல கொறைவா இருந்தாப் போதும், பட்டன் இருக்கணும்" என்றார். அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள் அதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்ஸி வைத்து மாட்டுங்காவில் ஒரு கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்காரர் ஏழெட்டுப் பெட்டிகளை எடுத்துப் பரப்பினார். நான் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருந்தேன். மதினி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தடவி அமுக்கிப் பார்த்தார். கடைக்காரர் விழித்தார். "கண்ண மூடிக்கிட்டுத்தான சாமி பாட்டு கேப்போம்? அப்ப கண்ண மூடிக்கிட்டுத்தான் பாத்து வாங்கணும்" என்றார் மதினி. இதை இந்தியில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நான் சிரித்து மழுப்பினேன். கடைசியில் கறுப்பாக, தடியாக, பழைய காலத்து போன் மாதிரி இருந்த ஒன்றை நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அதன் பின்மூடியைக் கழற்றினால் பேட்டரி தனியே வரும். இன்னொரு பேட்டரியும் கூடவே கொடுத்தார்கள். "ஆத்தா கத மூணு மணி நேரம். நடுவுல நிக்காதுல்லா? கேளு" என்றார். கேட்டேன். ஒன்று தீர்ந்தால் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்றார் கடைக்காரர். அதற்குள் மதினிக்கு மூச்சு முட்டத் தொடங்கிவிட்டது. பிறகு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டேன்.

நாலு நாள் கழித்து, வேலை விட்டு வரும் வழியில் செம்பூர் ஸ்டேஷன் பக்கம் ஒரு கடையில் இந்தச் சிவப்புப் பெட்டியைப் பார்த்தேன். மெலிசாக, பளபளவென்று இருந்தது. கறுப்புப் பெட்டியை விட இருநூறு ரூபாய் குறைவு. பத்து மணி நேரம் ஓடும் என்று கடைக்காரர் தலையில் கை வைத்துச் சொன்னார். வாங்கிவிட்டேன். மிச்சம் பிடித்த இருநூறை நானா செலவழித்தேன்? நேரே முருகன் கோயிலுக்குப் போய், மதினி பேரைச் சொல்லி உண்டியலில் போட்டேன். அன்று எனக்கு இருந்த திருப்தியை இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. அந்த இருநூறை முருகன் என்னிடம் கேட்டானா?

என் போனிலிருந்த கொடைப் பாட்டை ஏற்றிக் கொடுத்தேன். மதினி பெட்டியை வாங்கித் தடவிப் பார்த்தார். "பட்டன் பேன் முட்ட மாதிரி இருக்கே தம்பி" என்றார். கறுப்புப் பெட்டி என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. "சரி, வாங்கிட்ட. ஆத்தா பாத்துக்கிடுவா" என்றார். ஆறேழு மாதம் தினமும் அதில்தான் கேட்டார். வரவரச் சார்ஜ் நிற்கவில்லை என்று சார்ஜர் வயரைச் சொருகியே வைத்துக் கேட்டிருக்கிறார். எனக்கு அது தெரியாது. தெரிந்தால் என் மனசு சங்கடப்படும், என்னிடம் சொல்லவேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லியிருந்தாராம்.

ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். அன்று காலை மதினியை டிராலிக் கட்டிலில் படுக்கவைத்து, தியேட்டருக்கு வெளியே வராந்தாவில் நிறுத்தியிருந்தார்கள். அண்ணன் மருந்துச் சீட்டோடு கீழே ஓடியிருந்தார். மதினிக்குப் பாட்டு வேண்டும். இயர்போன் வயரின் ஒரு முனையை அவர் காதிலும் இன்னொரு முனையை என் காதிலும் வைத்துக்கொண்டேன். "முடியுற வர பக்கத்துலயே இரிடே" என்றார். இருக்கிறேன் என்றேன். எங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு நேரமாகிக்கொண்டே போனது. கதை போய்க்கொண்டிருந்தது. அம்மன் வந்து எல்லைக் கல்லில் நிற்கிற இடம் வந்தது. அப்போது பெட்டி மூன்று தரம் கீச்சென்றது. அடங்கிவிட்டது.

அமுக்கினேன். மறுபடி அமுக்கினேன். பேன் முட்டைப் பட்டன் ஒவ்வொன்றாக அமுக்கினேன். சார்ஜர் வீட்டில் இருந்தது. மதினி மயக்க ஊசியில் கண்ணை மூடிக் கிடந்தார். கதவு திறந்து ஆள் வந்து கட்டிலைப் பிடித்தார். மதினி கண்ணைத் திறந்தார்.

"வாழி ஆச்சாடே?"

"ஆச்சு மதினி."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். காதிலிருந்த முனையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். "அப்பம் சரி" என்றார். உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். நாலாம் நாள் இறந்துபோனார். வைத்தியம் பார்த்தவர்கள் மேல் குறை இல்லை, இதயம் தாங்கவில்லை என்று முதலிலேயே சொல்லித்தான் இருந்தார்கள். ஆனால் என் மனசு கேட்குமா? அம்மனை எல்லைக் கல்லில் நிற்க வைத்துவிட்டு மதினியை உள்ளே அனுப்பியது நான்தான் என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு எதிலும் நிலைகொள்ளவில்லை. பஜனையில் மங்களம் பாடும் முன்னே எழுந்துபோகிறவர்களைப் பார்த்தால் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கத் தோன்றும். யாராவது பேச்சைப் பாதியில் விட்டால் அன்று முழுக்க அதுவே ஓடும். கொடையில் வாழி பாடும்போது மட்டும் கூட்டத்தில் நிற்க முடியாமல் வெளியே வந்து செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நிற்பேன். அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை. பெட்டியைப் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். பாதியிலிருந்து போடுவது தப்பு. முதலிலிருந்து போட்டால் மறுபடி கூப்பிட்டதாக ஆகும். அதனால் தொடவே இல்லை.

போன மாதம் என் மகள் காதில் மாட்டுகிற கருவி வாங்கவேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனாள். ஐரோலியில் வேலை பார்க்கிறாள். ரயிலில் பாட்டுக் கேட்க வேண்டுமாம். நான் கடை கடையாக, எத்தனை மணி நேரம் ஓடும், நடுவில் நிற்காதல்லவா என்று கேட்டுக்கொண்டே வந்தேன். நாலாவது கடையில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "பஸ் கரோ பப்பா, போதும். ஆபீசுக்கு ஒரு மணி நேரம். இது பத்து மணி நேரம் ஓடி நான் என்ன காசிக்கா போறேன்?" என்றாள். ஸ்டேஷன் படிக்கட்டில் ஓரமாக நின்று அவளிடம்தான் முதன்முதலாக எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கிண்டல் செய்யவில்லை. "மீதிப் பாட்டு எவ்வளவு இருந்துச்சுன்னு பாத்தீங்களா பப்பா?" என்று மட்டும் கேட்டாள். பார்க்கவில்லை.

அவளே பெட்டியைத் துடைத்துச் சார்ஜில் போட்டாள். உயிர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அண்ணனை வரச்சொல்லி, விளக்கேற்றி, வயரைச் சொருகியபடியே முதலிலிருந்து போட்டோம். மூன்று மணி நேரம் மூவரும் எழுந்திருக்கவில்லை. எல்லைக் கல் வந்தது, தாண்டியது. அதற்கப்புறம் பத்து நிமிஷம் இருக்கும். குடத்தின் தட்டல் ஓங்கி வரும்போது, அதற்கு மேலே ஒரு வாலிபக் குரல் கேட்டது. "எல, எல போட்டாச்சி, வா, சாப்ட்டு வந்துருவோம்." அதோடு பதிவு முடிந்துவிட்டது.

என் குரல்தான் அது. பந்தி தொடங்கியதும் போனை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் இதைக் கடைசி வரை கேட்டதே இல்லை.

"இதுல வாழி கெடையாதேடே" என்றார் அண்ணன், எனக்குத் தெரிந்த விஷயம் மாதிரி. "பாட்டு நின்ன ஒடனே அவதான் வாயால சொல்லுவா. தெனமும்."

அப்போது அண்ணனிடம் வராந்தாவில் நடந்ததைச் சொன்னேன். "வாழி ஆச்சான்னு ஒன்னையத்தான் கேட்டாளா? அப்பம் நீ சொல்லுவேன்னு நெனச்சிருக்கா" என்றார் அண்ணன். எத்தனையோ வருஷம் அந்தப் பேட்டரியைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்று அந்த வராந்தாவில் வேண்டியிருந்தது ஒரு ஆளின் வாய். அது என்னிடம் இருந்தது. அதைக் கொண்டு நான் பொய் சொன்னேன்.

மதினி என்னவெல்லாம் சொல்வார் என்று கேட்டேன். சந்திலிருந்த வீடு வீடாகப் பேர் சொல்லி வாழி சொல்வாராம். தண்ணீர் விடுகிறவர் வாழி, இட்லி வாங்குகிற மாட்டுங்கா மாமிகள் வாழி, அவர்கள் வீட்டு நாய் வாழி. அதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்துவிட்டார். "கடைசில, பாட்டப் புடிச்சித் தந்த எங்கொழுந்தன் வாழின்னு சொல்லித்தான் எந்திரிப்பா" என்றார்.

அண்ணன் சொல்லச் சொல்ல நானும் மகளும் திருப்பிச் சொன்னோம். தமிழ் தடுமாறினாலும் அவள் ஒரு பேரையும் விடவில்லை. கடைசி வாழி எனக்கானது. அதை அவள் சொன்னாள். மதினியை நினைத்து, கேட்டவள் வாழி என்று நான் முடித்தேன்.

மனசு ஆறிவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். இப்போதும் ராத்திரி பகல் பாராமல் மதினியின் அந்தப் பார்வை வருகிறது. என் பொய்யை அவர் கண்டுகொண்டாரா, நம்பிக்கொண்டே போனாரா என்று தெரியவில்லை. சிவப்புப் பெட்டி இப்போது படத்துக்கு முன்னால், வயர் சொருகியபடி இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் போடுகிறேன். என் குரல் வந்து பாட்டு நின்றதும் நானே வாழி சொல்கிறேன்.

இதைப் படித்தவர்கள், வயசானவர்களுக்குப் பாட்டுப்பெட்டி வாங்கப் போகிற யாரையாவது கண்டால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது என்னை நல்லவனாக்க வேண்டாம், மதினியைத் தெய்வமாக்கவும் வேண்டாம். உள்ளது உள்ளபடி, ஒரு பேச்சும் மாறாமல் சொல்லுங்கள். ஒரேயொரு வேண்டுதல். இலை போட்டாச்சு என்று யார் கூப்பிட்டாலும் பாதியில் எழுந்துவிடாதீர்கள். முடிவு வரை சொல்லிவிட்டு, கேட்டவர்களுக்கு ஒரு வாழி சொல்லி எழுந்திருங்கள்.